ஊட்டிச் செடி

போன மாசியில் ஒரு சாயங்காலம். பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். கொய்யாவும் சப்போட்டாவும் விற்கிற தள்ளுவண்டியில் அன்று புதிதாக ஒரு வரிசை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே செக்கச்செவேலென்று ஸ்ட்ராபெரி. கோவில்பட்டியில் தள்ளுவண்டியில் ஸ்ட்ராபெரி விற்கிற காலம் வரும் என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

"எந்த ஊர்ப் பழம் தம்பி?"

"ஊட்டிப் பழம் சார். இன்னைக்குத்தான் வந்துச்சு."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த தாளில் மகாபலேஸ்வர் என்று போட்டிருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குளிர்ந்த ஊரில் விளைகிற எல்லாமே நமக்கு ஊட்டிதான். நம் நாட்டு ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு மராட்டியத்தில் இருக்கும் அந்த மகாபலேஸ்வர் மலையில் விளைவதுதான். 2010-லேயே அதற்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். நம்ம கடலைமிட்டாய்க்கு 2020-ல்தான் கிடைத்தது. பத்து வருஷம் மூத்தவர்கள்.

ஒரு டப்பா வாங்கி வந்தேன். வீட்டில் மேஜை மேல் வைத்ததும் என் மனைவி ஒரு பழத்தை எடுத்துக் காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அத்தை கொண்டு வந்த செடிப் பழம் இதைவிட அழகு" என்றாள். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தச் செடியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டி வரும். அதனால் தள்ளிப்போட்டு வந்தேன்.

1981-ல் எனக்கு ஊட்டிக்கு மாற்றல் ஆனது. கரிசல் காட்டில் பிறந்து, வெயிலைத் தவிர வேறு பருவம் அறியாதவனுக்கு அந்த ஊர் முதல் மூன்று மாதம் தண்டனைதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். நம்ம ஊர் நூறு மீட்டர் சொச்சம். மார்கழியில் காலையில் எழுந்து பார்த்தால் புல்லின் மேல் உப்பு தூவினாற்போல உறைபனி கிடக்கும். தேங்காய் எண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அதற்கு அப்பால் கல் அடுக்கிக் கட்டிய மேடு. மண் கறுப்புதான், ஆனால் நம் கறுப்பு இல்லை. கையில் எடுத்தால் காப்பித் தூள் மாதிரி உதிரும். அந்த மண்ணையும் மேட்டையும் மூடிக்கொண்டு ஒரு செடி படர்ந்து கிடந்தது. ஒரு காம்புக்கு மூன்று இலை, ஓரம் ரம்பப் பல். ஐந்து இதழில் மஞ்சள் பூ. பூவுக்கு அடியில் நுனி பல்பல்லாகப் பச்சையில் ஒரு சட்டை. பூ உதிர்ந்தால் சுண்டைக்காய் அளவில் பழம். அது தலை குனிந்து தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். மேலெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்பு விதை. தள்ளுவண்டி டப்பாவில் இருந்ததைக் குன்றிமுத்து அளவுக்குச் சுருக்கி, வழுவழுவென்று உருட்டி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

அது பரவுகிற விதம்தான் பார்க்க வேடிக்கை. தாய்ச் செடியிலிருந்து நூல் மாதிரி ஒரு கொடி தரையோடு ஓடும். ஒரு சாண் தள்ளிக் கணுவில் வேர் விட்டு அங்கே ஒரு குட்டிச் செடி. அது காலூன்றிய பிறகு நடுவில் இருக்கும் நூல் காய்ந்து அற்றுப் போகும். பனியில் இலையெல்லாம் கருகினாலும் வேர் இருக்கும். மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். நட்டவரும் இல்லை, தண்ணீர் விட்டவரும் இல்லை.

நாங்கள் அதைக் காட்டு ஸ்ட்ராபெரி என்றுதான் நினைத்திருந்தோம். தாவரவியல் பாடம் நடத்திய ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர்தான் திருத்தினார். "இது போலி. நிஜமான காட்டு ஸ்ட்ராபெரி இதே மலையில் இருக்கிறது. அதற்கு வெள்ளைப் பூ, இலையில் பூனைமுடி மாதிரி ரோமம். பழம் சிவக்காது, வெளுத்து இருக்கும். அதன் தாவரவியல் பெயரே நீலகிரிதான், பிரகேரியா நீல்கெரென்சிஸ்." பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சோலை ஓரமாகக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். வெளுத்துச் சோகை பிடித்தாற்போல இருந்த அந்தப் பழத்தில்தான் வாசனை இருந்தது. சிவந்து பளபளத்த எங்கள் வீட்டுப் பழத்தில் ருசி என்று ஒன்றுமே கிடையாது என்றார். நான் தின்று பார்க்கவில்லை. இரண்டும் ரோஜாக் குடும்பம் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச், பாதாம் எல்லாமே அந்தக் குடும்பம்தானாம். அதில் ஒன்றையும் நான் கரிசலில் தானாக முளைத்துப் பார்த்ததில்லை. நம்ம ஊரில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே விலாசம், கிணற்றடியில் கழுநீர் குடித்து வளர்ந்த பன்னீர் ரோஜாதான்.

1982 சித்திரையில் அம்மா வந்தாள். அப்பா காலமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவள், கரிசலில் வேலை இல்லாத கோடையில், "எம் பேத்திய ஒரு மாசம் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பி வந்தாள். இரண்டு கிலோ கடலைமிட்டாய், சீவல், சீரணி, உளுந்து, வத்தல் எல்லாம் ஒரு சாக்கில். ஆடி வரை இருப்பதாகப் பேச்சு. என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

அம்மாவால் சும்மா உட்கார முடியாது. காட்டில் களை எடுத்தே வளர்ந்த கை. மறுநாள் காலை நான் எழுந்து பார்க்கும்போது, என் பழைய ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பின்பக்கம் குத்தவைத்து அந்தச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாதி இடம் மொட்டையாகியிருந்தது. "எய்யா, இம்புட்டுக் களைய வெச்சுக்கிட்டு எப்படி இருக்கீக" என்றாள். ஒரு வாரத்தில் பிடுங்கிய இடமெல்லாம் மறுபடி பச்சை. அம்மா கோரைப்புல்லோடு மல்லுக்கட்டியவள். தன்னை ஜெயிக்கிற களையை மதிக்கத் தெரிந்தவள். பிடுங்குவதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு காலையில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். பண்ணைக்கீரை, சாரணை, தும்பை, நெருஞ்சி என்று ஊர்ச் செடியெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் தெரிந்தவளுக்கு அந்த மலையில் ஒரு செடிக்கும் பெயர் தெரியாது. அதுவே அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது. இந்த ஒன்றையாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

வைகாசி கடைசியில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையின் வாயெல்லாம் சிவப்பு. உள்ளங்கையில் இன்னும் நாலைந்து பழம். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குத் தலை சுற்றியது. குன்றிமுத்து ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவில் விஷக்காயைத் தின்ற பிள்ளை ஒன்றைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்தது. தெருக்காரர் 'போலி' என்று சொன்ன வார்த்தையும் அப்போது விஷம் என்பது போலக் காதில் ஒலித்தது. பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"புத்தி இருக்கா உனக்கு? பச்சப் பிள்ளைக்கு என்னத்தையாவது பறிச்சுக் குடுப்பியா? இது என்ன உன் காடா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் ஓடினேன். ஒரு மைலில் இருந்த மருந்தகத்தில் டாக்டர் இல்லை. வயதான கம்பவுண்டர் ஒருவர், அந்த மலையிலேயே பிறந்தவர், இருந்தார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி, பிள்ளையின் கையில் நசுங்கியிருந்த பழத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"சார், இதைத் தின்னா செத்துப்போவாங்கன்னா நானெல்லாம் ஒண்ணாங்கிளாஸே தாண்டியிருக்க மாட்டேன்."

இருந்தாலும் எனக்காகப் பிள்ளையை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். பிள்ளை அவருடைய தராசுக் கற்களை எடுத்து விளையாடியது.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தப்பு என்மேல்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லையாம்" என்று மட்டும் சொன்னேன். அம்மா, "ம்" என்றாள். பிள்ளையை வாங்கி முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள். இரண்டு நாள் கழித்து, "ஆனி பொறக்கப் போகுதுய்யா. காட்ட ஒரு உழவு ஓட்டிப் போட்டாத்தான் புரட்டாசிக்கு ஆகும். நான் போறேன்" என்றாள். உழவுக்கு ஆள் இருந்தது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை. கூடப் பயணம் போகிற மதுரைக்காரக் குடும்பம் ஒன்றோடு பஸ் ஏற்றிவிட்டேன். சாக்கை மேலே போட்டார்கள். ஒரு மஞ்சப்பையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், மதுரை, கோவில்பட்டி. ஒரு பகலும் ஒரு ராத்திரியும்.

மஞ்சப்பைக்குள் என்ன இருந்தது என்று 1983 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பா. அதில் அந்தச் செடி. டப்பாவைக் கொடுத்ததே என் மனைவிதான். ஏழு மாதம் என்னிடம் மூச்சு விடவில்லை.

செடியை ஒரு உடைந்த பானைக்கு மாற்றி, குடிதண்ணீர்ப் பானை வைக்கிற மணல் திட்டோரம் வைத்திருந்தாள். பானையில் கசிகிற ஈரம் அதற்கு. அது போதாதென்று காலையில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். அந்தக் காலத்துக் கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கிணறு உப்பு. தெருக்குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நடுராத்திரியில் காத்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்த தண்ணீரில் ஒரு செம்பு. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாளாம், இலை ஓரம் கருகியதாம்.

செடி உயிரோடு இருந்தது, ஆனால் நன்றாக இல்லை. இளம் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டு, 'ஊட்டிச் செடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "என்னமோ சீக்கு. பாத்துச் சொல்லுய்யா, நீதான் படிச்சவன்" என்றாள் அம்மா. வைகாசி விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

விவசாயம் படித்த நண்பர் ஒருவரிடம் ஒரு இலையைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார். மானாவாரி விவசாயத்துக்கென்று 1901-லேயே ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கிய ஊர் இது. இங்கே படித்தவர்களுக்கு மண்ணைத் தெரியாமல் இருக்குமா? "இது சீக்கு இல்லை, பசி" என்றார். கரிசலில் சுண்ணாம்பு அதிகம். அரை ஆள் தோண்டினால் சுக்கான் கல் வரும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் அந்தச் சுண்ணாம்பு அதைச் செடிக்குக் கொடுக்காது; பூட்டி வைத்துக்கொள்ளும். பருத்தியும் கம்பும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். மலைச் செடிக்குப் புளித்த மண் வேண்டும். அம்மா ஊட்டி மண் ஒரு பிடிதான் கொண்டு வந்திருந்தாள். மீதியெல்லாம் எங்கள் காட்டுக் கரிசல். நனைந்தால் பிசினாக வீங்கும், காய்ந்தால் கை நுழைகிற அளவு வெடிக்கும். காப்பித் தூள் மண்ணில் நூல் நூலாக ஓடிய வேர் இந்த வெடிப்பில் அறுந்துதானே போகும்?

அவர் சொன்ன வைத்தியம் அன்னபேதி. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அதே பச்சை உப்பு. நிலக்கடலை மஞ்சளடித்தால் தெளிப்பார்களே, அதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம், கூட நாலு சொட்டு எலுமிச்சை. நான் கலக்கிக் கொடுத்தேன், அம்மா துணியில் தொட்டு ஒவ்வொரு இலையாக ஒற்றினாள். நான் லீவு முடிந்து கிளம்புமுன் மஞ்சள் கொஞ்சம் பச்சை கட்டியது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தை, மாசி தாண்டியது. பங்குனி வெயிலில் ஒரே வாரத்தில் முடிந்துபோனது. "ஒம் மலைச்செடி போயிட்டு. நல்ல தண்ணிதான் ஊத்துனேன்" என்று, பக்கத்து வீட்டுப் பையனை எழுதச் சொல்லி ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தாள். செடிக்குக் கடிதம் போட்ட ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும் என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நல்ல தண்ணீர் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். நேரம் கிடைத்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தபோது கண்ணில் பட்ட கதை. தள்ளுவண்டியில் விற்கிற பெரிய ஸ்ட்ராபெரி இயற்கையில் இருந்ததே இல்லையாம். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் பிரேசியே என்பவர், தென் அமெரிக்காவில் ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவு பார்க்கப் போனவர், 1714-ல் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் சில செடிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். ஆறு மாதப் பயணம். கப்பலில் குடிதண்ணீர்த் தட்டுப்பாடு. மனிதர்களுக்கே அளந்து ஊற்றும்போது செடிக்கு எங்கே போவது? ஐந்து செடிதான் கரை சேர்ந்தது. அதில் இரண்டைத் தண்ணீர் கொடுத்து உதவிய கப்பல் சரக்கு அதிகாரிக்குக் கொடுத்தார். கஷ்டப்பட்டுக் கொண்டு வந்த செடிகள் வளர்ந்தன, பூத்தன, ஆனால் காய்க்கவில்லை. அவர் நல்ல பெரிய பழம் பிடித்த செடியாகப் பார்த்து எடுத்தது எல்லாமே பெண் செடி! ஆண் இல்லாமல் எப்படிக் காய்க்கும்? பிறகு வட அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஸ்ட்ராபெரி பக்கத்தில் பூத்தபோது அதன் மகரந்தத்தில் இது காய்த்தது. அந்தக் கலப்பில் வந்ததுதான் இன்றைய பழம். ஸ்ட்ராபெரிச் செடியில் ஆண் பெண் உண்டு என்பதைக் கண்டுபிடித்து 1766-ல் புத்தகமாக எழுதியவர் துஷேன் என்ற பிரெஞ்சு இளைஞர், அப்போது பத்தொன்பது வயதுதான். அவரைக் கௌரவிக்கப் பின்னால் ஒரு செடிக்கு அவர் பெயரை வைத்தார்கள். எந்தச் செடிக்கு என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிடந்த மஞ்சள் பூக்காரிக்கு. ஸ்ட்ராபெரிக்காகவே வாழ்ந்தவர் பெயர் போலி ஸ்ட்ராபெரிக்குப் போய்ச் சேர்ந்தது. துஷேனியா இண்டிகா. இப்போது அதையும் மாற்றிப் பொடென்டில்லா இண்டிகா என்கிறார்கள்.

நீலகிரிப் பெயருடைய அந்த வெளுத்த பழத்துக்கும் பின்னால் ஒரு மவுசு வந்திருக்கிறது. அந்த இனத்தைத் தோட்ட ஸ்ட்ராபெரியோடு சேர்த்து ஜப்பான்காரர்கள் 'டோகுன்' என்று ஒரு ரகம் உண்டாக்கியிருக்கிறார்கள். பீச் பழ வாசனை அடிக்குமாம். போலிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

அம்மா 1991-ல் போய்ச் சேர்ந்தாள். காட்டில் மல்லி பிடுங்கிவிட்டு வந்து படுத்தவள், மறுநாள் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவை விட்டு ஒரு நாளும் பிரியாதவர். தண்ணீர்ப் பானை இருந்த திட்டைப் பார்த்துவிட்டு அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அந்த ஊட்டிச் செடியில ஒரே ஒரு பழம் பிடிச்சுச்சு தம்பி, கார்த்திகையில. அதைப் பறிச்சு எம் மகனுக்குக் குடுக்கக் கொண்டாந்தா உங்கம்மா. எனக்குப் பயம். என்ன எழவோ, செவப்பா இருக்கேன்னு. அதுக்குச் சொன்னா, 'பயப்படாத தாயி. எம் பேத்திக்குக் குடுக்கிறதுக்கு மொத நாளு நான் பத்துப் பழம் தின்னுட்டு, ராத்திரி பூராவும் தூங்காம முழிச்சுக் கெடந்து பாத்தேன். வயித்த வலிக்கல, மயக்கம் வரல. அப்பெறந்தான் பிள்ளைக்குக் குடுத்தேன்'னா."

நான் திண்ணையில் உட்கார்ந்தேன்.

அதற்கு முன் பலதடவை கேட்ட கதை ஒன்று உண்டு. மழை பொய்த்த வருஷங்களில் அம்மாவின் பாட்டி காட்டில் பெயர் தெரியாத கீரையைப் பறித்து வந்தால், அவித்துத் தான் மட்டும் தின்பாளாம். பிள்ளைகள் பசியில் அழுதாலும் அன்றைக்குக் கொடுக்க மாட்டாளாம். மறுநாள் அவள் எழுந்து நடமாடினால் அந்தக் கீரை எல்லோருக்கும். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் பழைய காலத்துக் கதை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊட்டியில் என் வீட்டில், என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அந்தக் குளிரில் ராத்திரி முழுக்க அவள் விழித்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் சொல்ல வாயெடுத்தது இதைத்தான். அதற்குள் நான் இறக்கத்தில் ஓடிவிட்டேன்.

ஒன்பது வருஷம் இருந்தாள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். நானாவது கேட்டிருக்கலாம், 'ஏம்மா அன்னைக்கு என்ன சொல்ல வந்த?' என்று. பொங்கலன்று அன்னபேதித் தண்ணீரை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோமே, அப்போதாவது.

ஸ்ட்ராபெரி டப்பா வந்த அந்த மாசிக்குப் பிறகு, இந்த வைகாசியில் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தோம். "சும்மா ஒரு நாள் ஊட்டி போய்ட்டு வரலாம்ப்பா" என்று மகள் காரில் கூட்டிப் போனாள். நான் இருந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். பின்பக்கத் துண்டு நிலத்தில் சிமெண்ட் கல் பாவிக் கார் நிறுத்துகிறார்கள். ஆனால் அந்தக் கல் அடுக்கிய மேட்டில் ஒரு பத்தடி மிச்சம் இருந்தது. கல் இடுக்குகளில் அதே மூன்று இலை, அதே மஞ்சள் பூ. நூல் நூலாகக் கொடி விட்டு, சிமெண்ட் கல் சந்து வரைக்கும் இறங்கி வந்திருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் போனோம்.

மகளுக்கு அந்த வயதில் நடந்தது எதுவும் நினைவில்லை. நான் நடந்ததையெல்லாம் அங்கேயே நின்று சொன்னேன், ஆச்சி விழித்துக் கிடந்த ராத்திரி வரைக்கும். கேட்டுவிட்டுக் குனிந்து ஒரு பழத்தைப் பறித்தாள். நாற்பது வருஷத்தில் நான் அதை ஒருதடவைகூடத் தின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கையில் இருந்ததை வாங்கி வாயில் போட்டேன். தண்ணீர். கொஞ்சம் வெள்ளரி மாதிரி. பல்லில் விதை நறநறத்தது. அவ்வளவுதான்.

"எப்படிப்பா இருக்கு?"

"ஒண்ணுமேயில்ல."

அவளும் ஒன்று தின்றாள். "ஆமா, ஒண்ணுமேயில்ல. இதையா ஆச்சி பத்து தின்னாங்க?" என்றாள். பிறகு கைப்பையில் இருந்த டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, "ஒரு கொடி எடுத்துக்கவாப்பா? கோவில்பட்டி மொட்டை மாடியில வெச்சுப் பாரேன்" என்றாள்.

நான் பதில் சொல்லுமுன் என் மனைவி சொன்னாள்: "அப்ப போற வழியில அன்னபேதி வாங்கணும்."